முனகாத நாற்காலி

முதலில் தப்பு செய்தவர் மீட்டர்காரர். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பின்னால் யாராவது வந்து, "நீங்கதான் அவசரப்பட்டீங்க, நீங்கதான் புரிஞ்சுக்கலை" என்று ஆரம்பிக்கக் கூடாது. என் மனைவி ஆரம்பிப்பாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலில் தப்பு செய்தவர் மீட்டர்காரர்.

எங்களுக்கு மேல் வீட்டில் இருக்கிறார். வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய், குனிந்து குனிந்து மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்றதும் முதுகை நிமிர்த்திக்கொள்ள ஒரு காரணம் வேண்டும் என்று செல்லோ கற்றுக்கொண்டார். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா முறை. தோளில் சாத்த முடியாது. முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதற்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். கைப்பிடி இருந்தால் வில் இடிக்கும்.

நான் நாற்காலி செய்கிறவன். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தே, அவருக்கு எத்தனை உயரத்தில் பலகை வேண்டும் என்று சொல்லிவிடுவேன். இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதர் ஒரு பழைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்றார். அண்ணே என்று கூப்பிட்டாரே என்று மனம் குளிர்ந்து போய், கைப்பிடிகளை அறுத்து, கால்களை இரண்டு விரல் குறைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு நூலகத்தில் ஒரு கச்சேரி செய்தார்கள். பியானோவுக்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. வயலினுக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். செல்லோவுக்கு இவர். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மெதுவான இடம் ஒன்று வந்தது. ஊசி விழுந்தால் கேட்கும். திடீரென்று இவர் வில்லை எடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "மன்னிக்கணும், நாற்காலி முனகுது" என்றார்.

கூட்டம் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திக்கொண்டு சிரித்தாலும் சிரிப்புதான்.

மன்னிப்பு கேட்டாரா? கேட்டார். கூட்டத்திடம் கேட்டார். நாற்காலி செய்தவனிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தேன். இனி அதைத் தொடமாட்டேன் என்றேன். இரண்டு வருடம் ஆயிற்று. மாடிப்படியில் அவர் இறங்கி வந்தால், அவர் போகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சுவரில் எங்கெங்கே விரிசல் இருக்கிறது என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த நிலைமையில்தான் என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டாள். அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள்.

"ஏங்க, இனிமே வியாழக்கிழமை நான் வீட்ல இருக்க மாட்டேன்."

"ஏன், தையல் வேலையா?"

"இல்ல. கச்சேரி வேலை. ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி வைக்கிறாங்க. டாக்டரம்மா பியானோ வாசிக்கறப்போ பக்கத்துல உட்கார்ந்து தாளைப் புரட்ட ஆள் வேணுமாம். நான் புரட்டறேன்னுட்டேன்."

"அந்தத் தாள்ல இருக்கறதை உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம். அவங்க தலைய ஆட்டுவாங்க. நான் புரட்டுவேன்."

"முப்பத்தாறு வருஷமா நான் ஆட்டாத தலையா? ஒருநாளாவது புரட்டியிருக்கியா?"

"நீங்க ஆட்டுறது முடியாதுன்னு. அவங்க ஆட்டுறது சரின்னு."

"வேற யாரு இருக்காங்க அதுல?"

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது. "வயலினுக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அப்புறம்... மேல் வீட்டு அண்ணன்."

"அந்த ஆளோடயா!"

மேசையைக் குத்தினேன். தண்ணீர் குவளை உருண்டது. பிறகு சாப்பிட்டேன். என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அன்றைக்கு என் தட்டைக் காலி செய்தேன். அவள் தன் தட்டையும் என் பக்கம் நகர்த்தினாள். அதையும் காலி செய்தேன்.

"கோபத்துல நல்லாத்தான் சாப்பிடுறீங்க" என்றாள். கிண்டல் என்று நினைத்து இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைகள் வந்தன. காலை எட்டரைக்கு மீட்டர்காரர் படியிறங்கி வந்து வாசலில் நிற்பார். இவள் போவாள். இவளுடைய பையை அவர் வாங்கிக்கொள்வார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முப்பத்தாறு வருடத்தில் அவள் பையை நான் ஒருநாளும் தூக்கியதில்லை, ஆனால் அதை இன்னொருவர் தூக்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வர மாலை ஆறு ஆகும். வந்ததும் படுத்துவிடுவாள்.

"தாளைப் புரட்ட ஒரு நாள் பூராவுமா?"

"எண்பத்தி நாலு பக்கம்ங்க."

"எண்பத்தி நாலு பக்கம் புரட்டினா ஆளு இப்படியா சாயும்? கையில என்ன பிளாஸ்திரி?"

"ஊசி குத்திடுச்சு."

"புறங்கையிலயா?"

"தையல்காரி கையில ஊசி குத்தாம வேற என்ன குத்தும்?"

நியாயமாகப் பட்டது. மீட்டர்காரரைத் திட்டிக்கொண்டே அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, என் பட்டறைக்கு வந்து நின்றாள். வீட்டின் பின்னறைதான் பட்டறை.

"ஏங்க, ஒருத்தர் ஒரே இடத்துல ஆறு மணி நேரம் உட்காரணும்னா நாற்காலி எப்படி இருக்கணும்?"

"யாரு உட்காரப் போறாங்க?"

"யாரோ. இப்ப இருக்கிற நாற்காலி முதுகை ஒடிக்குது."

"அந்த ஆளா?"

"அவர் பேரைச் சொன்னாத்தான் நல்லாச் செய்வீங்களா?"

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. செய்து கொடுப்பேன். ஆணி இல்லாமல், திருகாணி இல்லாமல், ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் நாக்கு, காற்றுப் போக இடமில்லாமல் இறுக்கிச் செய்வேன். யானை உட்கார்ந்தாலும் முனகாது. கச்சேரியில் அந்த மெதுவான இடம் வரும். ஊசி விழுந்தால் கேட்கும். நாற்காலி மூச்சு விடாது. முடிந்ததும் நான் எல்லாரும் பார்க்க எழுந்து போய், "என்ன சார், சத்தம் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பேன். அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். மன்னிப்பு.

இதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்துவிட்டாள்.

"யாருகிட்ட பேசுறீங்க?"

"கண்ணாடிகிட்ட."

"அது என்ன சொல்லுது?"

"தப்பு அது மேலதான்னு ஒத்துக்குது."

அளவுக்கு ஆள் வேண்டும் என்றேன். மீட்டர்காரர் என் பட்டறைப் படியை மிதிக்கக் கூடாது என்றும் சொன்னேன். "என்னையே அளந்துக்கோங்க" என்றாள்.

"அந்த ஆள் உன்னைவிட ஒரு தலை உயரம்."

"உட்கார்ந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

முழங்கால் உயரம் அளந்தேன். தொடை நீளம் அளந்தேன். இடுப்பு அளந்தேன். பல வருடத்துக்கு முன் அவள் தையல் மெஷினுக்கு முக்காலி செய்தபோது குறித்த அளவு சுவரில் பென்சிலால் இன்னும் இருந்தது. இப்போது இடுப்பு அதைவிட மூன்று விரல் குறைந்திருந்தது.

"இளைச்சிட்டியா?"

"வயசாகுதுல்ல."

அளவை எழுதினேன். நடந்து வருவதைப் பார்த்தே உயரம் சொல்லுகிறவன், அளவை மட்டும் எழுதினேன்.

"கைப்பிடி வேணும்" என்றாள். "அகலமா. கையை மல்லாக்க வெச்சா நழுவக் கூடாது."

"செல்லோ வாசிக்கிற ஆளுக்குக் கைப்பிடி எதுக்கு? வில் இடிக்குமே."

ஒரு நிமிடம் யோசித்தாள். "கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சிடுங்க. உங்களால முடியாதா?"

உங்களால முடியாதா. இந்த இரண்டு வார்த்தையை வைத்து அவள் என்னிடம் இதுவரை ஒரு அலமாரி, ஒரு பரண், மூன்று ஜன்னல் கதவு வாங்கியிருக்கிறாள். செய்தேன். பதினாறு நாள். இழைப்புளியைத் தள்ளும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டர்காரரை நினைத்தேன். வேலை வழுக்கிக்கொண்டு போயிற்று. மெத்தை மட்டும் அவளே தைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். ஆஸ்பத்திரி வண்டி வந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஏழு வியாழக்கிழமை கழித்து, ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கச்சேரி.

ஆஸ்பத்திரியின் முன் கூடத்தில் வைத்திருந்தார்கள். விசாரணை மேசையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். லிஃப்ட் பக்கத்தில் பியானோ. சக்கர நாற்காலிகளுக்கு ஓரத்தில் தனி வரிசை. போகும்போதே என் மனைவி எனக்குப் பாடம் எடுத்தாள்.

"நாலு பகுதி இருக்கு. ஒவ்வொண்ணும் முடிஞ்சு கொஞ்சம் நிறுத்துவாங்க. கச்சேரியே முடிஞ்சதுன்னு நெனச்சுக் கை தட்டிடாதீங்க. டாக்டரம்மா எழுந்து நின்னாத்தான் முடிஞ்சது."

"யாரு எழுதினது இதெல்லாம்?"

"நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால. மனசுல இருக்கறதை அப்படியே கொட்டி எழுதற காலமாம். எழுதினவங்கள்ல பாதிப் பேர் சின்ன வயசுலயே போயிட்டாங்களாம்."

"அப்ப ஒப்பாரி மாதிரி இருக்கும்."

"இல்லங்க. சந்தோஷமாவும் இருக்கும். போகப் போறோம்னு தெரிஞ்சும் சந்தோஷமா எழுதியிருக்காங்க."

எனக்கு அது ஒட்டவில்லை. நான் என் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா பேசினார். மாடி வார்டில் மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்கள் காலையிலிருந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கிடக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல நாற்காலி வேண்டும், அதற்குத்தான் இந்தக் கச்சேரி என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நாற்காலி என்றால் என்னைக் கேட்டிருக்கலாமே என்று நான் பெருமையாகச் சாய்ந்துகொண்டேன்.

மூன்று பேரும் வந்தார்கள். என் மனைவி டாக்டரம்மாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். மீட்டர்காரர் செல்லோவை நிறுத்தினார். உட்கார்ந்தார். நான் அறுத்த தழும்பு இரண்டு பக்கமும் தெரிந்தது. அதே பழைய நாற்காலி!

முதல் பகுதி சொத்துத் தகராறு மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எனக்குக் காதில் ஏறவில்லை. என் பதினாறு நாளை இந்த மனிதர் எங்கே தூக்கிப் போட்டார்?

இரண்டாவது பகுதி வந்தது. மெதுவான இடம். செல்லோ மட்டும் தனியாக ஆரம்பித்தது. பக்கத்து அறையில் ஒருவர், வீட்டில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. பியானோ அதற்கு 'ம்' கொட்டிக்கொண்டு போனது. என் மனைவி எழுந்து, ஒரு கையை நீட்டித் தாளின் நுனியைப் பிடித்து, டாக்டரம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லாமல் புரட்டினாள். மறுபடி உட்காரும்போது பியானோவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மீட்டர்காரரின் நாற்காலி முனகியது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டில் அதுவும் ஓர் ஆள் மாதிரி இருந்தது.

பகுதி முடிந்தது. நிசப்தம். ஒருவர் இருமினார். நான் எழுந்து நின்றேன்.

"என் நாற்காலி எங்க?"

கூடமே திரும்பியது. சக்கர நாற்காலிகளும் திரும்பின.

"உங்களைத்தான் சார் கேட்கிறேன். கை தேயத் தேயச் செஞ்சேன். அதுல உட்கார உங்களுக்கு என்ன வந்துச்சு?"

மீட்டர்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, அது என் நாற்காலி இல்லை" என்றார் மெதுவாக.

"பின்ன யாரோடது?"

ஒரு நர்ஸ் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "ஐயா, கைப்பிடி கழட்டுற நாற்காலியா? அது மேல வார்டுல இருக்கு. வாங்க, காட்டறேன். இங்க சத்தம் போடாதீங்க."

என் மனைவி பாதி எழுந்தாள். அதற்குள் டாக்டரம்மா மூன்றாவது பகுதியை ஆரம்பித்துவிட்டார். அது ஓட்டமாக ஓடுகிற பகுதி. வரிக்கு வரி தாள் புரட்ட வேண்டும். அவளால் நகர முடியவில்லை.

மாடி வார்டு. ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. சுவரோரம் பதினோரு இரும்பு நாற்காலி. பன்னிரண்டாவது, ஜன்னல் பக்கம், என்னுடையது.

"நீங்கதான் செஞ்சதா? வார்டே இதுக்கு அடிச்சுக்குது. வியாழக்கிழமை மட்டும் யாரும் தொட மாட்டாங்க. தையல் அக்கா வர்ற நாள்."

"தையல் அக்காவா?"

"ஆமா. கீழே தாள் புரட்டறாங்களே, அவங்கதான். ஒன்பது மணிக்கு ஊசி குத்தினா மூணு மணி வரைக்கும் மருந்து ஏறும். முடிஞ்சதும் கீழ போய் ஒத்திகையில உட்காருவாங்க. பாவம், வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலையாம். அவருக்குக் கோபம் வந்தா ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாராம். பயம் வந்தா தண்ணிகூட இறங்காதாம். 'நான் எழுந்துக்கிற வரைக்கும் அவர் கோபமாவே இருக்கட்டும்'பாங்க. அந்த செல்லோ சார் என்னமோ அவர்கிட்ட மன்னிப்பு கேட்கணும்னு துடிக்கிறார். அக்காதான் விடலை. கேட்டுட்டா அப்புறம் அவர் எதுக்குக் கோபப்படுவார்னு..." நர்ஸ் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அவரைத் தெரியுமா ஐயா?"

"கொஞ்சம்" என்றேன். "அவ்வளவாத் தெரியாது."

அவள் போன பிறகு உட்கார்ந்தேன். நாற்காலி முனகவில்லை. மெத்தைத் துணி, நூலகக் கச்சேரியன்று நான் கழற்றி எறிந்த சலவைச் சட்டை. பொத்தான் பட்டையை உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். கைப்பிடியில் கையை மல்லாக்க வைத்துப் பார்த்தேன். நழுவவில்லை. அளவெல்லாம் சரிதான். எனக்கு இடுப்பு இடித்தது. மறு கைப்பிடியின் நுனியில் மெருகு மங்கியிருந்தது. நாலு விரல் அகலத்துக்கு. ஏழு வியாழக்கிழமையில் மெருகு மங்க வேண்டுமானால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மெருகு போட்டவன் நான்.

கீழேயிருந்து கடைசிப் பகுதி கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

படியிறங்கி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியக் கூடாது. அவள் என் கோபத்தை நம்பித்தானே இருக்கிறாள்? இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு தடவையாவது நான் அவளை ஏமாற்றுகிறேன்.

வீட்டுப் படியில் மீட்டர்காரர் வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தேன். உள்ளே போய்க் கதவை அறைந்தேன்.

"அந்த ஆள் என்னை அவமானப்படுத்திட்டார்!"

"ஆமாங்க" என்றாள்.

"என் நாற்காலியை எவனோ உட்காரக் கொடுத்துட்டார்!"

"ஆமாங்க."

"இனிமே அவர் முகத்துல முழிக்க மாட்டேன்!"

"சரிங்க. சாப்பிடுங்க."

தட்டில் மூன்று ரொட்டி, ஒரு முட்டை. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். தண்ணீர் குடித்தேன். அதுவும் தொண்டையில் நின்றது. அவள் எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கோபப்பட்டுப் பாருங்க."

"அந்த ஆள்..." என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நர்ஸ் எல்லாத்தையும் சொல்லிட்டாளா?"

ஒரு துண்டு போக ரொட்டி மூன்றும் அப்படியே இருந்தன. அவை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் படுத்திருப்போம். ஒருத்தர் போதாதா?"

"இன்னும் எத்தனை வியாழக்கிழமை?"

"ஆறு. அப்புறம் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க டாக்டரம்மா."

"பார்த்துட்டு என்ன சொல்லுவாங்க?"

"பார்த்துட்டுத்தானே தெரியும்."

"அடுத்த வியாழக்கிழமை நான் வரேன். பையை நான் தூக்கறேன்" என்றேன்.

"வாங்க. அளவு டேப்பையும் எடுத்துக்கோங்க. மத்த பதினோரு பேரையும் அளக்கணும். நீங்க செஞ்சு தருவீங்கன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன?"

"நீங்க அந்தக் கைப்பிடியைக் கழட்டி மாட்டிக் காட்டுனீங்களே, அன்னைக்கே."

"சரி. முதல்ல அந்த ஆளை வந்து மன்னிப்பு கேட்கச் சொல்லு."

"பன்னிரண்டும் முடியட்டும். அவர்மேல பிரியமா செஞ்சீங்களே, அந்த நாற்காலி முனகுச்சு. கோபத்துல செஞ்சது முனகலை. எனக்கு முனகாத நாற்காலி வேணும்."

ஆறு வியாழக்கிழமையும் முடிந்தன. டாக்டரம்மா பார்த்தார். இன்னும் ஆறு என்றார். நான் ஜன்னல் பக்கம் முக்காலி போட்டு உட்காருகிறேன். மறுபக்கம் மீட்டர்காரர் உட்காருகிறார். நடுவில் இவள். இதுவரை அவளுடையதையும் சேர்த்து நாலு நாற்காலிதான் கொடுத்திருக்கிறேன். முதல் நாற்காலிக்குப் பதினாறு நாள் எடுத்துக்கொண்டவன், இப்போது ஒன்றுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டும் முடிந்தால்தான் மன்னிப்பு; அதுவரை அவள் கூட இருந்து அதைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? என் கணக்கு எனக்கு.

போன வியாழக்கிழமை, மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து மீட்டர்காரர் என் பக்கம் குனிந்தார். "அண்ணே, அன்னைக்கு நூலகத்துல நான்..."

"இன்னும் எட்டு நாற்காலி இருக்கு" என்றாள் இவள், கண்ணைத் திறக்காமல். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னாள்: "நீங்களும்தான். மெதுவாச் செஞ்சா என்னைப் பிடிச்சு வெச்சுடலாம்னு நெனைக்காதீங்க. அங்க பதினோரு பேருக்கு முதுகு வலிக்கும்போது மூணு பேருக்குத்தான் கொடுத்திருக்கீங்க."

"மரம் இன்னும் காயலை" என்றேன்.

"சரி" என்றாள். "அதுவரைக்கும் இந்தக் கையைப் பிடிங்க. கைப்பிடியில மெருகு போகுது."

பிடித்துக்கொண்டேன். மூன்று மணி வரைக்கும் விடவில்லை. மீட்டர்காரர் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை.